வீட்டு வீடியோவை நாமே வெட்டலாம், சுருக்கலாம்

(திருவிடந்தையில் குழு உறுப்பினர்களிடம் பேசியது)



நித்திய கல்யாணப் பெருமாள் இருக்கிற ஊரில் கல்யாண வீடியோவுக்குப் பஞ்சமே கிடையாது. 1990-களில் எடுத்தது வி.எச்.எஸ். கேசட்டில் இருக்கும். அப்புறம் எடுத்தது சி.டி.யில், இப்போது எடுப்பது செல்போனில். எல்லாம் வீட்டில்தான் இருக்கு, போட்டுப் பார்க்கத்தான் வழியில்லை.

இதை அலட்சியமாக விடக் கூடாது. இறந்துபோன அம்மாவின் குரல் அந்தக் கேசட்டில் மட்டும்தான் இருக்கும். ஈரக்காற்றில் நாடாவில் பூஞ்சை பிடிக்கும். வி.சி.ஆர். பெட்டியைக் கடைசிவரை தயாரித்த ஜப்பானின் ஃபுனாய் கம்பெனியும் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. ஆகவே பீரோவில் உள்ள கேசட்டை இந்த வருடமே கம்ப்யூட்டருக்கு மாற்றிவிடுங்கள். வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் ஓட்டிப் பார்க்காதீர்கள். முதலில் சுத்தம் செய்யணும்.

"நமக்கு இதெல்லாம் வருமா?" என்று கேட்பீர்கள். 1984-லேயே அகமதாபாத்தில் சேவா அமைப்பைச் சேர்ந்த பெண்கள் வீடியோ எடுக்கப் பயிற்சி பெற்றார்கள். காய்கறி விற்கிறவர்களும் எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அதில் இருந்தார்கள். அவர்களுக்கு வந்தது நமக்கு வராதா?

செலவும் இல்லை. வெட்டி ஒட்ட ஷாட்கட், ஓப்பன்ஷாட். சுருக்க ஹேண்ட்பிரேக். மூன்றும் இலவசம். அவரவர் சொந்த இணையதளத்தில் இருந்து மட்டும் இறக்குங்கள். மூவி மேக்கரை மைக்ரோசாப்ட் 2017 ஜனவரியில் நிறுத்தியது. அதே வருடம் அந்தப் பெயரில் போலியைப் போட்டுப் பணம் பறித்தார்கள். இதற்காகக் குழுவில் கடன் எடுத்து கம்ப்யூட்டர் வாங்கவும் வேண்டாம். பிள்ளைகளின் லேப்டாப் போதும்.

சுருக்குவது என்றால் என்ன? கணக்கு நோட்டில் ஒரே விவரம் திரும்ப வந்தால் "மேற்படி" என்று போடுகிறோம் இல்லையா? அதேதான். மணவறைக்குப் பின்னால் இருக்கும் திரை அசையாது. அதை ஒவ்வொரு படத்திலும் எழுதாமல், மாறியதை மட்டும் கம்ப்யூட்டர் எழுதிக்கொள்ளும்.

கணக்கு சுலபம். நொடிக்கு 8 மெகாபிட் என்றால் நிமிடத்துக்கு 60 எம்.பி. பிடிக்கும். 2 மெகாபிட் என்றால் 15 எம்.பி.தான். 20 நிமிட வீடியோ 1,200 எம்.பி.யில் இருந்து 300 எம்.பி.க்கு இறங்கும். செல்போனில் பார்க்க அது போதும்.

நாங்கள் சொல்லும் வரிசை இது:

1. மூலப் பதிவை முதலில் இரண்டு இடத்தில் காப்பி எடுங்கள்.

2. வேண்டாததை வெட்டிவிட்டு, அப்புறம் சுருக்குங்கள். எம்.பி.4, எச்.264 என்று தேர்ந்தெடுத்தால் அநேகமாக எல்லாப் போனிலும் ஓடும்.

3. ஒரே தடவைதான் சுருக்கணும். சுருக்கியதையே மறுபடி சுருக்கினால், ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்த மாதிரி மங்கிப்போகும்.

4. பழைய வி.சி.டி.யின் படம் 352-க்கு 288 புள்ளிதான். பெரிதாக்கினால் இடம்தான் வீணாகும், தெளிவு கூடாது.

5. கடைசிவரை ஓட்டிப் பார்க்காமல் எதையும் அழிக்காதீர்கள்.

இன்னொன்று முக்கியம். மெமரி கார்டைக் கடையில் கொடுத்துவிட்டு வந்தால், அதில் இருக்கும் வீட்டுப் பெண்களின் படமெல்லாம் அடுத்தவர் கம்ப்யூட்டருக்குப் போகலாம். கொடுத்தே ஆகணும் என்றால் தேவையான பதிவை மட்டும் தனியாகக் கொடுங்கள். பக்கத்தில் இருந்து வாங்கி வாருங்கள். நாம் கற்றுக்கொள்ளணும் என்று சொல்வதே இதற்காகத்தான்.

குழுவுக்கு ஒருவர் கற்றால் போதும், மற்றவர்களுக்கு அவரே சொல்லித் தருவார். அக்கம்பக்கத்தாருக்குச் செய்து கொடுத்தால் சிறு வருமானமும் உண்டு. ஆனால் அவர்கள் பதிவை நம்மிடம் வைத்துக்கொள்ளக் கூடாது, வேறு யாருக்கும் அனுப்பக் கூடாது. சேமிப்புப் பணத்தில் காட்டும் அதே நாணயம் இதிலும் வேண்டும்.