சின்ன பல்புக்கு டிம்மர் எதற்கு?



நமது அந்தமான் தீவுகளுக்கு மின்சாரம் எப்படி வருகிறது? தமிழ்நாட்டு ஊர்களுக்குத் தூரத்திலிருந்து கம்பி வழியாக வரும். இங்கே அப்படி வர முடியாது. நடுவே கடல் இருக்கிறது. கப்பலில் டீசல் வருகிறது. டீசலை எரித்து ஜெனரேட்டரை ஓட்டுகிறார்கள். பெரும்பகுதி மின்சாரம் இப்படித்தான் கிடைக்கிறது. 2020-ஆம் ஆண்டில் நெய்வேலி நிறுவனம் தெற்கு அந்தமானில் 20 மெகாவாட் சூரிய மின் நிலையம் அமைத்தது. ஆனால் சூரியன் பகலில்தான் காயும். நாம் விளக்குப் போடுவது இரவில். ஆகவே, மின்சாரத்தைச் சேமித்தால் டீசலும் மிச்சம், பணமும் மிச்சம்.

எப்படிச் சேமிப்பது? ஒரு வீட்டை நினைத்துக்கொள்வோம்.

வீட்டுக்காரர் மீன்பிடித் தொழில் செய்பவர். ஒருநாள் கடைத்தெருவில் டிம்மர் ஒன்று வாங்கி வந்தார். டிம்மர் என்றால் வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் திருகு. அதைச் சுவரில் மாட்டினார்.

"ஏங்க, இது எதுக்கு?" என்றார் மனைவி.

"ராத்திரி வெளிச்சத்தைக் குறைச்சு வச்சுக்கலாம். கரண்டு பில்லும் குறையும்" என்றார் கணவர்.

திருகைத் திருப்பினார். 9 வாட் எல்.இ.டி. பல்பு விட்டு விட்டுச் சிமிட்டியது. 'கொய்ங்' என்று ஓசையும் வந்தது.

ஏன் அப்படி? சாதாரண டிம்மர் மின்சாரத்தை நொடிக்கு 100 முறை வெட்டி வெட்டி அனுப்பும். 60 வாட், 100 வாட் குண்டு பல்புகளுக்காகச் செய்யப்பட்டது அது. குண்டு பல்பில் இருப்பது வெறும் கம்பிச்சுருள். அதற்கு ஒன்றும் ஆகாது. எல்.இ.டி. பல்புக்குள்ளே சிறிய மின்சுற்று உண்டு. வெட்டுப்பட்ட மின்சாரம் அதற்கு ஒத்துவராது. பல்பு சீக்கிரம் கெட்டும் போகலாம்.

மனைவி அறிவொளி வகுப்பில் கணக்குப் படித்தவர். நோட்டை எடுத்தார்.

1000 வாட் ஒரு மணி நேரம் எரிந்தால் 1 யூனிட். தினமும் 5 மணி நேரம் எரிந்தால், 60 வாட் குண்டு பல்புக்கு மாதம் 9 யூனிட் ஆகும். 9 வாட் எல்.இ.டி.க்கு 1.35 யூனிட்தான்.

"பல்பை மாத்தினப்பவே 7 யூனிட்டுக்கு மேல மிச்சமாயிடுச்சு. இதைப் பாதியா குறைச்சாலும் முக்கால் யூனிட்கூட மிஞ்சாதுங்க" என்றார் மனைவி.

உண்மைதான். ரிமோட்டில் வேலை செய்யும் டிம்மர் என்றால் இன்னும் மோசம். விளக்கை அணைத்தாலும் அது விழித்தே இருக்கும். அது 1 வாட் எடுத்தால்கூட இரவும் பகலுமாக மாதம் 0.72 யூனிட் ஆகிவிடும். மிச்சம் பிடித்தது முழுவதும் அதற்கே போய்விடும்.

அப்படியானால் இரவில் மங்கலான வெளிச்சத்துக்கு என்ன செய்வது? விடிவிளக்குப் போடலாம். ஆனால் பழைய 'ஜீரோ வாட்' குண்டு பல்பு வேண்டாம். பெயர்தான் ஜீரோ. அது 15 வாட் வரை எடுக்கும். இரவில் 8 மணி நேரம் எரிந்தால் மாதம் 3.6 யூனிட். அரை வாட் எல்.இ.டி. விடிவிளக்கு என்றால் 0.12 யூனிட் போதும்.

டிம்மர் கட்டாயம் வேண்டும் என்பவர்கள் பல்பின் அட்டையைப் பாருங்கள். 'டிம்மபிள்' என்று அச்சிட்டிருந்தால் மட்டும் வாங்குங்கள். டிம்மரும் எல்.இ.டி.க்கு ஏற்றதாக இருக்கவேண்டும்.

அந்த வீட்டில் டிம்மரைக் கழற்றிவிட்டார்கள். அரை வாட் விளக்கு மாட்டினார்கள். மறுமுறை கணவர் கடைக்குப் புறப்பட்டபோது மனைவி சொன்னார்: "அட்டையில என்ன போட்டிருக்குன்னு படிச்சுப் பார்த்து வாங்குங்க."

நாமும் படித்துப் பார்த்து வாங்குவோம். தேவையில்லாத விளக்கை அணைப்போம்.