கதைசொல்லியின் வயது
ஆங்கில இளையோர் நாவல் குறித்த அறக்கட்டளைச் சொற்பொழிவு

1. வகையும் பெயரும்

இளையோர் நாவல் என்பது 12 முதல் 18 வயது வரையுள்ள வாசகரை மனத்தில் வைத்து எழுதப்படும் புனைகதை. ஆங்கிலத்தில் 'யங் அடல்ட்' என்று வழங்கும் இவ்வகைக்குப் பெயரும் அலமாரியும் தந்தவர்கள் அமெரிக்க நூலகர்கள். பால்டிமோர் நகரப் பொது நூலகத்தில் பணியாற்றிய மார்கரெட் எட்வர்ட்ஸ், சிறுவர் பகுதியைத் தாண்டிவிட்டு, பெரியவர் பகுதிக்குள் நுழையத் தயங்கி நிற்கும் பிள்ளைகளின் கையில் எந்த நூலைக் கொடுப்பது என்பதையே தம் வாழ்நாள் பணியாகக் கொண்டிருந்தார். அமெரிக்க நூலகச் சங்கம் 1957இல் இளையோருக்கென்று தனிப் பிரிவு தொடங்கியது. இவ்வகையில் பெரிதாக மதிக்கப்படும் இரண்டு விருதுகள் நூலகர்களின் பெயரில் அமைந்தவை. ஒன்று 1988 முதல் எழுத்தாளரின் பங்களிப்புக்காக வழங்கப்படும் எட்வர்ட்ஸ் விருது. மற்றொன்று 2000 முதல் ஆண்டின் சிறந்த நூலுக்கு வழங்கப்படும் பிரின்ட்ஸ் விருது. மைக்கேல் பிரின்ட்ஸ் கன்சாஸ் மாநிலத்தில் பள்ளி நூலகராக இருந்தவர்.

இங்கே கணக்கில் வருவது வாசிப்பவரின் வயது. இந்தியச் சூழலில் இதை எளிதில் குழப்பிக்கொள்ள இடமுண்டு. சாகித்திய அக்காதெமியின் யுவ புரஸ்கார் 35 வயதுக்கு உட்பட்ட எழுத்தாளருக்கு உரியது. பால சாகித்திய புரஸ்கார் குழந்தை இலக்கியத்துக்கு உரியது. இளையோர் வாசகருக்கென்று மட்டும் அங்கே தனி விருது கிடையாது.

வாசகரின் வயதை மட்டும் வைத்து இவ்வகையை முழுதாக அடையாளம் கண்டுவிட முடியாது. பிள்ளைப் பருவத்தைச் சொல்லும் பெரிய நாவல்கள் எப்போதும் இருந்திருக்கின்றன. டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலில் பிப்பின் சிறு வயதைச் சொல்பவர் வளர்ந்துவிட்ட பிப். ஹார்ப்பர் லீயின் 1960ஆம் ஆண்டு நாவலான 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' ஒரு சிறுமியின் அனுபவம். அதைச் சொல்லும்போது ஸ்கவுட் என்ற அச்சிறுமி பெரியவள். நடந்தது என்ன என்று புரிந்துகொண்ட ஒருவர், புரியாமல் நின்ற தம் பழைய உருவத்தைத் திரும்பிப் பார்க்கும் கதைகள் அவை. இளையோர் நாவலில் பெரும்பாலும் இந்தத் திரும்பிப் பார்த்தல் இராது. கதை சொல்பவர் இன்னும் அந்த வயதுக்குள்ளேயே இருக்கிறார். தமக்கு நேர்ந்ததன் பொருள் அவருக்கு முழுதாக விளங்கியிருக்காது. கதைசொல்லிக்கும் நிகழ்ச்சிக்கும் உள்ள இந்த அண்மைதான் இவ்வகையின் வலிமை. இதன் குறைகளில் பலவும் அதே அண்மையிலிருந்து வருகின்றன. ஆகவே ஒரு நூலைத் தரம் பார்க்க, அது இந்த அண்மையை எப்படிக் கையாள்கிறது என்று பார்ப்பது நல்ல வழி.

2. பள்ளிக் கட்டுரையாக ஒரு நாவல்

எஸ்.இ. ஹின்டனின் 'தி அவுட்சைடர்ஸ்' 1967இல் வெளிவந்தபோது அவருக்கு வயது 18. ஒக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரில் பள்ளி மாணவியாக இருந்தபோதே, 15 வயதில், அதை எழுதத் தொடங்கிவிட்டார். பையன்களின் சண்டைக் கதையைப் பெண் எழுதினாள் என்றால் விமர்சகர்கள் ஒதுக்கிவிடுவார்கள் என்று பதிப்பகம் அஞ்சியதால், நூலில் அவர் பெயர் முன்னெழுத்துகளோடு நின்றது.

கதைசொல்லி 14 வயதுப் போனிபாய். பெற்றோரை விபத்தில் இழந்து அண்ணன்மாரோடு வாழ்பவன். நகரின் ஏழைப் பையன்களுக்கும் வசதியான பையன்களுக்கும் நடக்கும் மோதலில் ஒரு கொலை விழுகிறது. அதன் பின்விளைவுகளில் நண்பர்கள் சாகிறார்கள். நூலின் கடைசிப் பக்கத்தில் ஒரு செய்தி வெளிப்படுகிறது: இதுவரை வாசித்தது முழுவதும் ஆங்கில வகுப்புக்காகப் போனிபாய் எழுதிய கட்டுரை. நாவலின் முதல் வரியே அங்கே அவன் எழுதும் முதல் வரியாகத் திரும்ப வருகிறது.

அந்த முடிவைச் சாதுரியமான உத்தி என்று மட்டும் கொள்வது போதாது. நிகழ்ச்சிகளுக்குச் சில வாரங்கள் கழித்து, மதிப்பெண் வேண்டிய கட்டாயத்தில், இறந்தவர்களைப் பற்றி யாராவது சொல்லியாக வேண்டும் என்ற எண்ணத்தில் அவன் எழுத உட்காருகிறான். பெரியவரின் நீண்ட தொலைவு அவனுக்கு இல்லை. எழுதுகிற செயல் மட்டும் அவனை நடந்ததிலிருந்து ஓர் அடி விலக்கி நிறுத்துகிறது. மிகையுணர்ச்சி, எளிதில் நல்லவராகிவிடும் பாத்திரங்கள் என்று இந்நூலில் குறைகள் உண்டு. அவை 14 வயதுப் பையன் எழுதிய கட்டுரையில் இருக்கக்கூடியவைதான் என்பதால் வடிவம் அவற்றைத் தாங்கிக்கொள்கிறது. எட்வர்ட்ஸ் விருது 1988இல் முதன்முதலாக ஹின்டனுக்கு வழங்கப்பட்டது.

3. நிகழ்காலத்தின் பிடி

சுசான் காலின்ஸின் 'தி ஹங்கர் கேம்ஸ்' 2008இல் வந்தது. தொடரின் அடுத்த இரண்டு நூல்கள் 2009, 2010 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தன. மூன்றும் தன்மையிலும் நிகழ்காலத்திலும் எழுதப்பட்டவை. 16 வயது காட்னிஸ் அம்பை எடுக்கிறாள், ஓடுகிறாள், பயப்படுகிறாள். அவள் அடுத்த நொடி உயிரோடிருப்பாளா என்பது அவளுக்கும் தெரியாது, வாசகருக்கும் தெரியாது. கடந்தகாலத்தில் சொல்லப்படும் தன்மைக் கதையில் கதைசொல்லி பிழைத்துவிட்டார் என்பது முதல் வரியிலேயே உறுதியாகிவிடும். அந்த உறுதியை இந்த நடை எடுத்துவிடுகிறது.

தொடரின் சிறப்பு பரபரப்போடு நின்றுவிடவில்லை. ஆண்டுதோறும் 12 மாவட்டங்களிலிருந்து இருவர் வீதம், 12 முதல் 18 வயது வரையுள்ள 24 பேர் குலுக்கலில் எடுக்கப்பட்டுச் சாகும்வரை போரிடும் ஆட்டத்துக்கு அனுப்பப்படுகிறார்கள். குலுக்கல் எல்லோருக்கும் பொது என்பது வெளித்தோற்றம். ஏழை வீட்டுப் பிள்ளை, ஓர் ஆளுக்கு ஓராண்டுக்குப் போதும் போதாத தானியமும் எண்ணெயும் பெறுவதற்காகத் தன் பெயரை ஒரு முறை கூடுதலாக எழுதிப் போடலாம். அப்படிப் போட்டவை ஆண்டுக்கு ஆண்டு சேர்ந்துகொண்டே போகும். காட்னிஸின் பெயர் 20 சீட்டுகளில் இருக்கிறது. அவள் நண்பன் கேலின் பெயர் 42 சீட்டுகளில். பசி எப்படிச் சாவின் வாய்ப்பைக் கூட்டுகிறது என்பதை இந்தக் கணக்கு 13 வயது வாசகருக்கும் விளங்கவைக்கிறது. இதில் பிரசங்கம் எதுவும் இல்லை. சட்டத்தின் விதியைச் சொன்னதோடு ஆசிரியர் நிறுத்திக்கொள்கிறார்.

இதன் வெற்றிக்குப் பின் தன்மையும் நிகழ்காலமும் இவ்வகையின் வாடிக்கையாயின. கொடுங்கோல் அரசு, தேர்ந்தெடுக்கப்பட்ட பெண், இரண்டு காதலர்கள் என்ற அச்சில் நூல்கள் குவிந்தன. அவற்றில் பலவற்றின் பலவீனம் ஒன்றே: எந்நேரமும் கதாநாயகியின் மூச்சோடு ஒட்டி நிற்கும் நடை, அவள் தவறாகக் கருதுவதை வாசகருக்குக் காட்ட இடம் வைப்பதில்லை. அவள் கோபம் நியாயம், அவள் காதல் உண்மை, அவள் எதிரி தீயவன். எல்லாம் அவள் சொன்னபடியே இருந்துவிடுகிறது.

காலின்ஸ் இதை அறிந்தவர் என்பதற்கு அவருடைய பிந்தைய நூல்கள் சான்று. பின்னாளில் சர்வாதிகாரியாகப் போகும் ஸ்னோவின் 18 வயதை 2020இல் எழுதியபோது அவர் படர்க்கைக்கும் கடந்தகாலத்துக்கும் மாறினார். தன் சுயநலத்துக்கெல்லாம் நல்ல பெயர் வைத்துக்கொள்ளும் இளைஞனை அவன் வாயாலேயே சொல்லவிட்டால், வாசகர் அவன் பக்கம் சாய்ந்துவிடக்கூடும். சிறு இடைவெளி விட்டதால் அவன் மனம் மெல்லத் திரிவது கண்ணில் படுகிறது. 2025இல், பழைய நூல்களில் வரும் ஹேமிட்சின் இளமைக் கதைக்காக மீண்டும் தன்மைக்குத் திரும்பினார். அந்தப் பையன் பிற்காலத்தில் குடியில் மூழ்கப்போவதைப் பழைய நூல்களின் வாசகர் ஏற்கெனவே அறிவார். கதைசொல்லிக்கு இல்லாத தொலைவு அங்கே வாசகரிடம் இருக்கிறது.

4. இடைவெளிக்கான வடிவங்கள்

அண்மையை விடாமலே இடைவெளியை உண்டாக்கப் பிற எழுத்தாளர்கள் வடிவத்தின் உதவியை நாடினர். வால்டர் டீன் மையர்ஸின் 'மான்ஸ்டர்' 1999இல் வெளிவந்து, முதல் பிரின்ட்ஸ் விருதைப் பெற்றது. ஹார்லெமைச் சேர்ந்த 16 வயது ஸ்டீவ், மருந்துக் கடைக் கொள்ளையில் நடந்த கொலைக்கு உடந்தை என்று குற்றம் சாட்டப்பட்டுச் சிறையில் இருக்கிறான். பள்ளியில் திரைப்படக் கலை பயின்றவன். தன் வழக்கையே திரைக்கதையாக எழுதுகிறான். திரைக்கதையில் அவன் கேமராவுக்குப் பின்னால் நிற்கலாம். இடையிடையே வரும் நாட்குறிப்பில் மட்டும் அச்சம் வெளியே வருகிறது. அவன் குற்றமற்றவன் என்று தீர்ப்பாகிறது. ஆனாலும் அன்று கடைக்குள் அவன் வேவு பார்க்கப் போனானா என்பதை நூல் முடிவாகச் சொல்வதே இல்லை. தன்மைக் கதைசொல்லியை நம்பலாமா என்ற கேள்வியை இளையோர் வாசகர்முன் இவ்வளவு நேர்மையாக வைத்த நூல்கள் குறைவு.

மார்க்கஸ் சுசாக்கின் 'தி புக் தீஃப்' 2005இல் வந்தது. நாஜி ஜெர்மனியில் வளரும் லீசல் என்ற சிறுமியின் கதையைச் சாவே சொல்கிறது. யார் எப்போது இறப்பார் என்பதைச் சாவு முன்கூட்டியே போட்டு உடைக்கிறது. திடுக்கிடலை இப்படித் துறந்ததால், மரணம் வருமுன் அந்த மனிதர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதில் வாசகர் கவனம் பதிகிறது.

பேட்ரிக் நெஸ்ஸின் 'எ மான்ஸ்டர் கால்ஸ்' 2011இல் வெளியானது. 2007இல் மார்பகப் புற்றுநோயால் இறந்த எழுத்தாளர் ஷிவான் டவுட் விட்டுச்சென்ற கதைக்கருவிலிருந்து உருவானது. 13 வயது கானரின் தாய்க்குப் புற்றுநோய். நள்ளிரவு கடந்து ஏழு நிமிடத்தில் வீட்டுப் பின்புறத்து யூ மரம் பூதமாக எழுந்து வருகிறது. அது மூன்று கதைகள் சொல்லும். நான்காவதை அவன் சொல்ல வேண்டும். அந்த நான்காவது கதைதான் அவன் ஒளித்துவைத்த உண்மை: அம்மா பிழைக்க வேண்டும் என்று ஏங்கிய அதே மனம், இந்த வேதனை முடிந்தால் போதும் என்றும் விரும்பியிருக்கிறது. நூல் படர்க்கையில் நடப்பதால், கானர் சொல்ல மறுப்பதை வாசகர் அவனுக்கு முன்பே ஊகித்துவிடுகிறார். ஆனாலும் அவன் வாயால் அது வரும்வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. 2012இல் பிரிட்டனின் கார்னகி பதக்கம் நெஸ்ஸுக்கும், ஓவியத்துக்கான கிரீனவே பதக்கம் ஜிம் கேவுக்கும் இதே நூலுக்காகக் கிடைத்தன. ஒரே நூல் இரண்டையும் பெற்றது அதுவே முதல் முறை.

ஜேசன் ரெனால்ட்ஸின் 'லாங் வே டவுன்' 2017இல் வந்த கவிதை நாவல். அண்ணனைச் சுட்டவனைப் பழிவாங்க 15 வயது வில் துப்பாக்கியோடு லிஃப்டில் இறங்குகிறான். கதை நிகழும் நேரம் ஏறக்குறைய ஒரு நிமிடம். ஒவ்வொரு மாடியிலும் துப்பாக்கிக்குப் பலியான ஒருவர் ஏறிக்கொள்கிறார். அழக்கூடாது, காட்டிக்கொடுக்கக்கூடாது, பழிவாங்க வேண்டும் என்ற தெருவின் மூன்று விதிகள் எத்தனை பேரை விழுங்கின என்பதை ஏறியவர்கள் தம் கதைகளால் காட்டுகிறார்கள். வில்லுக்கு வயதாகித் திரும்பிப் பார்க்க அவகாசம் இல்லை. அந்த அவகாசத்தின் இடத்தில் இறந்தவர்கள் வந்து நிற்கிறார்கள். முடிவு ஒரு கேள்வியில் நிற்கிறது. விடையை எழுதாமல் விட்டது நூலின் பெரும்பலம்.

5. பெற்றோர் திரும்பி வருதல்

இளையோர் கதைகளில் பெற்றோரை அகற்றிவிடுவது பழைய வழக்கம். போனிபாயின் பெற்றோர் இறந்துவிட்டார்கள். காட்னிஸின் தந்தை சுரங்க விபத்தில் மாண்டவர், தாய் துயரில் ஒடுங்கியவர். பெரியவர் இல்லாத இடத்தில்தான் பிள்ளை தானே முடிவெடுக்க முடியும் என்பது காரணம். 2017 முதல் வந்த குறிப்பிடத்தக்க சில நூல்கள் பெற்றோரைக் கதைக்குள் மீட்டு வந்தன.

ஆஞ்சி தாமஸின் 'தி ஹேட் யு கிவ்' 2017இல் வந்தது. நண்பன் கலீலைப் போலீஸ்காரர் சுடுவதைக் கண்ணால் கண்ட 16 வயது ஸ்டார், கறுப்பினத்தவர் வாழும் தன் பகுதிக்கும் வெள்ளையர் நிறைந்த தனியார் பள்ளிக்கும் நடுவே இரண்டு விதமாகப் பேசிப் பழகியவள். போலீசார் நிறுத்தினால் கைகளை எங்கே வைக்க வேண்டும் என்று 12 வயதிலேயே பெற்றோர் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். முன்பு சிறையிலிருந்து மீண்டு மளிகைக் கடை நடத்தும் தந்தை மேவரிக் இந்நாவலின் மிக உயிருள்ள பாத்திரம். விவாதக் காட்சிகள் சில பாடம் நடத்துவதுபோல் நீள்வது குறை. வீட்டுக் காட்சிகளில், சண்டையும் கேலியும் சாப்பாடுமாக, அந்தக் குறை மறைகிறது.

எலிசபெத் அசிவெடோவின் 'தி போயட் எக்ஸ்' 2018இல் வெளியாகி அமெரிக்கத் தேசியப் புத்தக விருதையும், அடுத்த ஆண்டு பிரின்ட்ஸ் விருதையும் கார்னகி பதக்கத்தையும் பெற்றது. டொமினிக்கன் குடும்பத்தைச் சேர்ந்த 15 வயது சியோமாரா தன் கவிதைகளை ஒரு நோட்டுப் புத்தகத்தில் மறைத்து வைக்கிறாள். பக்தி மிகுந்த தாய் அதை எரித்துவிடுகிறாள். தாயை வெறும் கொடுமைக்காரியாக்க ஆசிரியர் இணங்கவில்லை. மகளின் கோபத்துக்கு அடியிலேயே, தாய் இழந்த வாழ்வும் வாசகருக்குத் தெரியவருகிறது.

சபா தாஹிரின் 'ஆல் மை ரேஜ்' 2022இல் தேசியப் புத்தக விருதையும் 2023இல் பிரின்ட்ஸ் விருதையும் பெற்றது. கலிபோர்னியப் பாலைவனத்து ஊர் ஒன்றில் பாகிஸ்தானியக் குடும்பம் நடத்தும் விடுதி நொடித்துப்போகிறது. மகன் சலாஹுதீனும் தோழி நூரும் மாறி மாறித் தங்கள் இன்றைய நாளைச் சொல்கிறார்கள். இடையில் தாய் மிஸ்பா லாகூரில் தொடங்கும் தன் இளமையைச் சொல்கிறாள். பெரியவர் ஒருவரின் நினைவுகூரும் குரல் இளையவரின் நிகழ்காலத்தோடு சரிசமமாக நிற்கிறது. பிள்ளைகள் தம் கோபத்தின் வேரை அறியாமல் தடுமாறும்போது, அந்த வேர் எங்கிருந்து வந்தது என்று தாயின் அத்தியாயங்கள் காட்டுகின்றன. இவ்வகை தன் பிறவிக் குறையை எப்படிக் கடக்கலாம் என்பதற்கு அண்மைக்காலச் சான்றுகளில் இதுவே நிறைவானது.

6. ஏறிக்கொண்டு போகும் வயது

இன்றைய இளையோர் நாவலுக்கு இரு பக்கமும் நெருக்கடி. ஒன்று சந்தையிலிருந்து வருவது. 12 முதல் 17 வயதினருக்கென்று பதிப்பகங்கள் குறித்த நூல்களை வாங்குவோரில் 55 சதவீதத்தினர் 18 வயதைக் கடந்தவர்கள் என்று 2012இல் அமெரிக்காவில் நடந்த ஆய்வு கண்டது. வாங்குவோரின் வயது ஏறும்போது கதை மாந்தரின் வயதும் ஏறுகிறது. 17, 18 வயதுக் காதலும் அரண்மனைச் சூழ்ச்சியும் அலமாரியை நிறைக்கின்றன. மற்றொன்று தடை. அமெரிக்கப் பள்ளிகளில் நூல்கள் விலக்கப்பட்ட நிகழ்வுகள் 2023–24 கல்வியாண்டில் மட்டும் 10,000க்கும் மேல் என்று எழுத்தாளர் அமைப்பான பென் அமெரிக்கா கணக்கிட்டது. இனம், பாலுறவு, வன்முறை ஆகியவற்றைப் பேசும் இளையோர் நூல்கள் அவற்றில் மிகுதி.

இரண்டிலும் இழப்பு 13, 14 வயது வாசகருக்கே. கடையில் அவருக்கான நூல் குறைகிறது. பள்ளியில் இருப்பதும் எடுக்கப்படுகிறது. போனிபாய்க்கு வயது 14. கானருக்கு 13. அந்த வயதுக்காரர் ஒருவர் நூலகத்துக்கு வந்து கேட்கும்போது எடுத்துக் கொடுக்க நல்ல நூல் வேண்டும் என்பதற்காகத்தான் இந்த அலமாரி முதலில் அமைக்கப்பட்டது.