நெய்தவள் பேர்

(தோட்ட மகளிர் குழுக்களின் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)

கொழுந்து நிறுத்து, வீட்டு வேலையையும் முடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகையால் நீட்டிப் பேசமாட்டோம்.

போன கூட்டத்தில் ஒரு சகோதரி எழும்பி ஒரு கேள்வி கேட்டார். "டவுனிலேருந்து ஒரு மிஸ் வந்தாங்க. நாங்க தைக்கிற பையெல்லாம் பார்த்துட்டு, புது மாதிரியில தைச்சுக் குடுங்க, கொழும்புல பெரிய கடையில வைக்கலாம்னு சொல்றாங்க. நம்பிப் போகலாமா?" என்றார்.

அன்று நாம் பதில் சொல்லவில்லை. போகலாம் என்று சொல்லி, நாளைக்கு நட்டப்பட்டு வந்தால் அது எமது தலையில் விழும். வேண்டாம் என்று தடுத்து, வந்த நல்ல காரியத்தைக் கெடுத்தாலும் பாவந்தான். எனவே, இதே கேள்வி வேறொரு நாட்டுப் பெண்களுக்கு வந்தபோது அங்கே என்ன நடந்தது என்று தேடிப் படித்தோம். அதைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப்போகிறோம்.

அந்த நாடு பிலிப்பைன்ஸ். அரபு நாடுகளுக்கு வேலைக்குப் போய் வந்த நம்ம பிள்ளைகளுக்கு அந்தப் பெண்களைத் தெரிந்திருக்கும். அடுத்தடுத்த வீடுகளில் சேர்ந்து வேலை செய்திருப்பீர்கள். ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகள் கொண்ட நாடு அது. அதன் தெற்கே மிந்தனாவோ என்ற பெரிய தீவு. அங்கே மலைமேல் செபு ஏரி. அந்த ஏரிப் பக்கத்தில் திபோலி என்ற பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள்.

திபோலிப் பெண்கள் நெய்யும் துணிக்குத் தினாலக் என்று பெயர். அதற்குப் பருத்தி இல்லை, பட்டு இல்லை. அபாக்கா என்று ஒரு மரம், நம்ம வாழைக்குச் சொந்தக்காரன் மாதிரி. அதன் தண்டிலிருந்து நாரை உரித்து, காயவைத்து, மயிர் மாதிரிப் பிரித்து, ஒரு நாரின் நுனியில் மற்ற நாரைக் கையாலேயே முடிச்சுப் போட்டு நூலாக்குகிறார்கள். பிறகு வேண்டிய இடங்களில் இறுக்கிக் கட்டி, இலையிலும் வேரிலும் எடுத்த கறுப்பு, சிவப்புச் சாயத்தில் முக்குகிறார்கள். கட்டிய இடம் வெள்ளையாக நிற்கும். தறியின் ஒரு பக்கத்தை இடுப்பிலே கட்டிக்கொண்டு நெய்கிறார்கள். நெய்து முடித்துக் கழுவி, கடைசியில் சோழியால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்குகிறார்கள். ஒரு துணி முடிய மாதக்கணக்காகும்.

அந்தத் துணியில் வரும் கோலங்களை அவர்கள் எந்தப் புத்தகத்திலும் பார்த்துப் போடுவதில்லை. அபாக்கா மரத்துக்குக் காவலாக இருக்கும் பூ டாலு என்ற தெய்வம் கனவிலே காட்டுகிறது என்பது அவர்கள் நம்பிக்கை. நெய்கிற துணியைத் தாண்டக்கூடாது. கண்டபடி வெட்டினால் நோய் வரும் என்பார்கள். கல்யாணச் சீரிலும் பிள்ளைப்பேற்றிலும் அந்தத் துணி இருக்கும். நமக்குச் சாமி காரியம் எப்படியோ, அவர்களுக்குத் தினாலக் அப்படி.

இப்படிப்பட்ட துணியைத் தேடித்தான் நகரத்து டிசைனர்கள் வந்தார்கள். டிசைனர் என்றால் உடுப்புக்கும் பைக்கும் புது மாதிரி அமைத்துக் கொடுப்பவர். அவர்களில் இரண்டு வகை இருந்தார்கள். ஒரு வகையினர் வந்து உட்கார்ந்து, கேட்டு, விலை பேசி, வாங்கிப் போனார்கள். மற்ற வகையினர் கோலத்தை மட்டும் பார்த்துக்கொண்டு போய், மெஷினில் அச்சடித்து மலிவாக விற்றார்கள். அச்சுத் துணி சந்தைக்கு வந்தபின் மாதக்கணக்கில் நெய்தவளிடம், "அங்கே இவ்வளவுக்குக் கிடைக்குதே, உனக்கு மட்டும் ஏன் இந்த விலை?" என்று கேட்டால் அவள் என்ன பதில் சொல்வாள்?

இதற்கு அந்த நாட்டில் இரண்டு வழியில் பரிகாரம் தேடினார்கள். முதலாவது, 1992இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். பரம்பரைக் கைவேலையில் தேர்ந்தவர்களுக்கு அரசாங்கமே பட்டம் கொடுத்து, மாதாமாதம் உதவித்தொகையும் கொடுக்கும். அவர்கள் இளையவர்களுக்குத் தொழிலைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். செபு ஏரியைச் சேர்ந்த லாங் டுலே என்ற அம்மாவுக்கு 1998இல் அந்தப் பட்டம் கிடைத்தது. பன்னிரண்டு வயதில் தாயிடம் பழகியவர். ஏறக்குறைய நூறு கோலங்களை மனதிலேயே வைத்திருந்தார். 2015இல் காலமாகும் முன்னர் பேரப்பிள்ளைகளுக்கும் ஊர்ப் பெண்களுக்கும் அந்தத் தொழிலைக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

இரண்டாவது, 1997இல் பழங்குடி மக்களின் உரிமைச் சட்டம் வந்தது. அந்த மக்களின் கலையையும் அறிவையும் பாவிக்க வேண்டுமானால் முன்கூட்டியே விஷயத்தை விளக்கி, அவர்களுடைய சம்மதம் பெறவேண்டும் என்று அது சொல்கிறது. சட்டம் வந்தவுடன் திருட்டு நின்றுவிட்டது என்று நாம் சொல்லவரவில்லை. ஆனால் "இது எங்களுடையது" என்று எழும்பிப் பேச ஒரு பிடி கிடைத்தது.

டிசைனரால் கெடுதல் மட்டுந்தான் என்று நினைத்துவிடாதீர்கள். பனாய் தீவில் அக்லான் என்ற மாகாணம். அங்கே அன்னாசி இலையிலிருந்து நார் எடுத்து நெய்கிறார்கள். உடைந்த பீங்கான் ஓட்டாலும் தேங்காய்ச் சிரட்டையாலும் இலையைச் சுரண்டி எடுக்கும் நார் அது. துணி கண்ணாடி மாதிரி இருக்கும். 1980களில் அந்த நெசவு தெரிந்தவர்கள் சில வயதானவர்களே மிஞ்சியிருந்தார்கள். பட்டிஸ் டெசோரோ என்ற பெண் டிசைனரும் வேறு சிலரும் அங்கே போய், அந்தத் துணிக்குத் திரும்பவும் கேள்வி உண்டாக்கினார்கள். வாங்க ஆள் வந்ததும் இளம் பெண்கள் தறிக்கு வந்தார்கள். 2023இல் யுனெஸ்கோ நிறுவனம் அந்த நெசவை மனிதகுலத்தின் புலனாகாப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இன்னொரு கதையும் உண்டு. இது பழங்குடியினர் கதையல்ல, நகரத்து ஏழைகளின் கதை. தலைநகர் மணிலாவை ஒட்டிய பயாட்டாஸ் என்ற இடத்தில் ஒரு குப்பைமலை இருந்தது. பக்கத்தில் குடியிருந்த பெண்கள் காமன்ட் துண்டுத்துணியில் கால்மிதி பின்னினார்கள். துண்டுத்துணியைக் கொண்டுவந்து கொடுப்பவனும் இடைத்தரகன், கால்மிதியை வாங்கிப் போவதும் இடைத்தரகன். இரண்டு பக்கமும் போக அவள் கைக்கு வந்தது சில்லறை. 2007இல் சில இளைஞர்கள் ரேக்ஸ் டு ரிச்சஸ் என்று ஒரு நிறுவனம் தொடங்கி, இடையில் நின்றவர்களை விலக்கிவிட்டுத் துண்டுத்துணி நேரே கிடைக்க வழி செய்தார்கள். ராஹோ லோரல் என்ற பேர்பெற்ற டிசைனர் அதே பின்னலில் கைப்பை அமைத்துக் கொடுத்தார். அதே கை, அதே துண்டுத்துணி. ஆனால் காலுக்குக் கீழே கிடந்தது தோளிலே ஏறியது, விலையும் ஏறியது.

சகோதரிகளே, இனி நம்ம கேள்விக்கு வருவோம். அந்த மிஸ் வரட்டும். வரவேண்டாம் என்று சொல்லாதீர்கள். ஆனால் வேலையைக் கையில் எடுக்கும் முன்னே நாலு விஷயம் கேளுங்கள்.

ஒன்று, கூலி எப்படி? ஒரு பைக்கு எத்தனை மணித்தியாலம் போகிறது என்று முதலில் நீங்களே ஒன்றைத் தைத்துக் கணக்குப் பாருங்கள். பிறகு விலை பேசுங்கள். இரண்டு, முன்பணம் எவ்வளவு? துணியும் நூலும் யார் செலவு? நம்ம குழு ஒன்று முன்னொரு தடவை கடன் வாங்கித் துணி எடுத்துத் தைத்துக் கொடுத்தது. காசு வர மூன்று மாதமானது, பாதிப் பைகளும் திரும்பி வந்தன. அந்தக் கடைக்காரர் பேர் இங்கே வேண்டாம். பாடம் போதும். மூன்று, பை விற்காவிட்டால் நட்டம் யாருக்கு? நாலு, நீங்கள் போட்ட பூவேலையை வேறு இடத்தில் அச்சடிக்க மாட்டோம் என்று எழுதித் தருவார்களா?

பேச்சாக விடவேண்டாம். ஒரு தாளில் எழுதி, இரண்டு பக்கமும் கையெழுத்து வைத்து, பிரதி ஒன்றைக் குழுவிலே வைத்துக்கொள்ளுங்கள். டிசைன் மோகம் இன்றைக்கு வரும், நாளைக்குப் போகும். ஆகவே ஒரே கடையை நம்பி இருக்காமல், ஊர்ச் சந்தைக்கும் கொஞ்சம் தையுங்கள்.

கடைசியாக ஒன்று. நம்ம தோட்டத்தில் "பேர்" என்றால் ஒரு நாள் சம்பளம். கிலோ குறைந்தால் அரைப்பேர். தேயிலைப் பெட்டியிலே தோட்டத்தின் பேர் இருக்கும், கம்பனியின் பேர் இருக்கும், பறித்தவள் பேர் இருக்காது. லாங் டுலே அம்மாவின் பேரோ அவர் நெய்த துணியோடு உலகம் முழுக்கப் போனது. நீங்கள் தைக்கிற பையில் ஒரு சின்னத் துணித்துண்டில் உங்கள் பேரும், நம்ம தோட்டத்தின் பேரும் இருக்கவேண்டும் என்று கேளுங்கள். உழைத்த நாளுக்கு முழுப்பேரும் வேண்டும், பெற்றவர்கள் வைத்த பேரும் வேண்டும். இரண்டையும் தர இணங்குகிறவர் வந்தால் தைரியமாகப் போங்கள். கணக்குப் பார்க்கவும் தாள் எழுதவும் நாங்கள் கூட இருப்போம்.