திருவருகைக் காலமும் புன்னைக்காயல் அடிகளாரும்
(நம் சங்கத்தின் டிசம்பர் மாதக் கூட்டத்தில் பேசியது)

செயலாளர் எனக்குப் பத்து நிமிடம்தான் கொடுத்திருக்கிறார்.

டிசம்பர் வந்தால் எங்கள் வீட்டு பால்கனியில் ஸ்டார் தொங்கும், உங்கள் வீட்டுக்குக் கேக் வரும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைப் பற்றி அதிகம் பேருக்குத் தெரியாது. அதைத் திருவருகைக் காலம் என்போம். ஞாயிறுக்கு ஒன்றாக மெழுகுவர்த்தி ஏற்றி, கிறிஸ்துவின் வருகைக்காகக் காத்திருப்போம். மார்கழியில் விடியுமுன் எழுந்து கோலம் போடும் வீட்டாருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஓய்வு பெற்ற முதல் வருடம், காத்திருப்பது என்றாலே எனக்கு எரிச்சல். ஒன்பதரை மணிக்குக் குளித்து, சட்டைப் பையில் பேனாவைச் செருகிக்கொண்டு நாற்காலியில் உட்காருவேன். போக இடம் இருக்காது. இத்தனை வருடம் அடுத்தவர் பணத்தை எண்ணிக் கொடுத்தோமே, இதற்குத்தானா பிறந்தோம் என்ற கேள்வி அந்த நாற்காலியில்தான் வந்தது. ஜெபம் செய்தேன், வாய் மட்டும் அசைந்தது.

அந்த டிசம்பரில் அண்டிரிக் அடிகளாரைப் பற்றிப் படித்தேன். இயற்பெயர் ஹென்ரிக் ஹென்ரிக்கஸ், போர்ச்சுக்கல்காரர். 1542-இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியாரை எல்லோருக்கும் தெரியும். அவருக்குப் பின்னால் 1547-இல் வந்த இவரைச் சொந்த ஊர்க்காரர்களே மறந்துவிட்டோம். யூத வம்சம் என்பதற்காக ஒரு துறவற சபை இவரை வெளியே அனுப்பியது. பிறகு இயேசு சபையில் சேர்ந்து, தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலில் வந்து தங்கினார். துபாஷி இல்லாமல் பேசும் அளவுக்குத் தமிழ் படித்தார். நோயாளிகளுக்கு ஒரு மருத்துவமனையும் அங்கே நடத்தினார்.

நான் கணக்குப் பார்க்கிறவன், பழக்கம் விடாது. அவர் பிறந்தது 1520. 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் அச்சானது 1578. வெறும் 16 பக்கம். ஆனால் இந்திய எழுத்தில் இந்தியாவிலேயே அச்சான முதல் நூல் அது. கரைக்கு வந்து 31 வருடம், வயது 58. நம் அரசாங்கம் வெகுகாலம் ஆட்களை மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பிய வயது! அடியார்களின் வரலாற்றைச் சொல்லும் பெரிய புத்தகம் 1586-இல் வந்தபோது அவருக்கு 66. இன்று எனக்கும் அதே வயது. 1600-இல் புன்னைக்காயலிலேயே இறந்தார்.

அந்த 31 வருடமும் அச்சு எழுத்து வரும் என்று தெரிந்தா அவர் தமிழ் படித்தார்? இல்லை. அன்றன்றைக்கு எதிரே நின்ற ஆளோடு பேசுவதற்காகப் படித்தார். காத்திருப்பது என்றால் இதுதானோ என்று எனக்குத் தோன்றியது. ஆண்டவர் என்னிடம் புதிதாக எதையும் கேட்கவில்லை. சட்டைப் பையில் இருந்த பேனாவைத்தான் கேட்டார்.

நவம்பர் மாதம் பென்ஷன்காரர்கள் வாழ்வுச் சான்று கொடுக்க வேண்டும். கைரேகை பதியாமல் திரும்பி வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுத ஒரு அம்மாவை முதலில் கூட்டிப்போனேன். இப்போது சனிக்கிழமை காலைகளில் மனு எழுதித் தருகிறேன். பெரிய ஊழியம் இல்லை. சில வாரம் அலுப்பும் வருகிறது, மறைக்கவில்லை. ஆனால் ஜெபத்தில் சொல்ல இப்போது சில பெயர்கள் இருக்கின்றன.

வருகிற ஞாயிறு மூன்றாவது மெழுகுவர்த்தி, ரோஜா நிறத்தில். மாலை ஆறரைக்கு எங்கள் வீட்டில் ஏற்றுகிறோம். எந்த மதத்தாரும் வரலாம். மக்ரூன் இருக்கும்.