பழைய வண்டி விலைக்கு வந்தது

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)

ஆண்டுதோறும் இம்மேடையில் வள்ளுவரும் கம்பரும் பேசப்படக் கேட்டு மகிழ்ந்து வந்திருக்கிறோம். இவ்வாண்டு நம் செயலாளர் என் இல்லத்திற்கு வந்து, "ஞாயிற்றுக்கிழமைதோறும் எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு எங்கிருந்தோ திரும்புகிறீர்களே, அது என்னவென்று சங்கத்தாருக்குச் சொல்லலாகாதா?" என்று கேட்டார். முல்லைக் கொடிக்குத் தேர் ஈந்த பாரியைப் போற்றும் அவையில் மோட்டார் வண்டியைப் பற்றிப் பேசினால் பெருங்குற்றமாகாது என்று துணிந்து வந்துள்ளேன்.

நான் இந்நகருக்கு வந்து ஐம்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. இப்போது கொல்கத்தா என்று எழுதுகிறார்கள். என் நாவுக்கு அது இன்னும் கல்கத்தாதான். ஹூக்ளிக் கரைத் தொழிற்சாலை ஒன்றில் பொறியாளனாகச் சேர்ந்த எனக்கு உறவினர் எவரும் இங்கில்லை. விடுமுறை நாளில் போவதற்கு ஓரிடமாகக் கிடைத்தது ஒரு பழைய மோட்டார்ப் பட்டறை. அங்கே வாய்த்த நண்பர்கள் மூவர். ஒருவர் வங்காள வழக்கறிஞர். ஒருவர் மார்வாடி வணிகர். மூன்றாமவர் பட்டறைக்கு உரிய முதிய மிஸ்திரி. அவரை நாங்கள் உஸ்தாத் என்போம். எழுத்து அதிகம் அறியாதவர். எஞ்சினைக் காதாலேயே படிப்பவர்.

கல்கத்தாவுக்கும் விந்தையான வண்டிகளுக்கும் பழைய தொடர்பு உண்டு. 1910ஆம் ஆண்டில் இந்நகரில் வாழ்ந்த மேத்யூசன் என்னும் ஆங்கிலச் செல்வர், இங்கிலாந்தின் புரூக் நிறுவனத்தாரைக் கொண்டு அன்னப்பறவை வடிவில் ஒரு கார் செய்வித்தார். அதன் அலகிலிருந்து வெந்நீர் பீறிடும். தெருவில் மக்கள் திரண்டு பெருங்குழப்பம் விளையவே, காவலர் அதனைத் தடுத்தார்கள். பின்னர் அது நாபா மகாராஜாவின் கைக்குப் போய், இன்று நெதர்லாந்தின் ஹேக் நகரில் லௌமன் காட்சியகத்தில் நிற்கிறது. ஸ்டேட்ஸ்மன் நாளிதழ் 1964இல் தில்லியிலும் 1968இல் இங்கும் பழைய வண்டிகளின் அணிவகுப்பைத் தொடங்கிய பின், வீட்டுக் கொட்டில்களில் உறங்கிய வண்டிகள் பல வெளியே வந்தன. 1971இல் மன்னர் மானியம் ஒழிந்தது; 1972இல் பழைய வண்டிகளை அயல்நாட்டிற்கு அனுப்புதல் தடை செய்யப்பட்டது. அதன்பின் இங்குள்ளவை இங்குள்ளார் கையிலேயே மாறி மாறி வரலாயின.

சென்ற குளிர்காலத்தில் ஒரு செய்தி வந்தது. வடகல்கத்தாவில் பழைய மாளிகை ஒன்றை இடித்து அடுக்குமாடி எழுப்பப் போகிறார்கள். அதன் பழைய குதிரை லாயத்தில் ஒரு ரோல்ஸ் ராய்ஸ் நிற்கிறது. சித்திரைக்குள் விற்றாக வேண்டும் என்பது செய்தி. வீட்டுக்கு உரிய அம்மையார் எண்பதைக் கடந்த கைம்பெண். மாஷிமா என்றே நாங்கள் அழைத்தோம். மக்கள் இருவரும் கடல் கடந்து வாழ்கிறார்கள்.

நால்வரும் சென்றோம். 1934ஆம் ஆண்டு வண்டி. 20/25 என்னும் வகை. 1929 முதல் 1936 வரை செய்யப்பட்டது; ஆறு சிலிண்டர்; 3669 கன சென்டிமீட்டர் கொள்ளளவு. பெரிய ஃபாண்டம் வண்டிகளின் ஆரவாரம் இதற்கு இல்லை. மருத்துவரும் வழக்கறிஞரும் வணிகரும் வாங்கிய வண்டி இது. நம் நாட்டில் ரோல்ஸ் ராய்ஸ் என்றவுடன் மகாராஜா என்பார்கள். விற்பவர் எவரும், "இது இன்ன சமஸ்தானத்து வண்டி" என்றே தொடங்குவார். சினங்கொண்ட அரசர் ஒருவர் ரோல்ஸ் ராய்ஸ்களைக் குப்பை அள்ள விட்டார் என்னும் கதையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அதற்குச் சான்று கேட்டு அலுத்தவன் நான். மாஷிமா அத்தகைய கதை எதுவும் சொல்லவில்லை. "என் மாமனார் சணல் வணிகத்தில் ஈட்டி வாங்கினார், 1958இல் நான் மணப்பெண்ணாக இவ்வீட்டிற்கு வந்தது இதில்தான்" என்றார். அவ்வளவே.

பழைய வண்டியை எவ்வாறு ஆராய்கிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். பளபளப்பைப் பார்ப்பவன் ஏமாறுவான். முதலில் எண்களைப் பார்க்க வேண்டும். சேசிஸுக்கு ஓர் எண், எஞ்சினுக்கு ஓர் எண். தொழிற்சாலை அவ்விரண்டையும் இணைத்து எழுதிய குறிப்புகள் இன்றும் உள்ளன. 1957இல் இங்கிலாந்தில் தோன்றிய ரோல்ஸ் ராய்ஸ் ஆர்வலர் கழகம் அவற்றைப் பாதுகாத்து வருகிறது. ஒருமுறை வேறோர் ஊரில் எங்களுக்குக் காட்டப்பட்ட வண்டியின் எண் 13 என்று முடிந்தது. உடனே திரும்பிவிட்டோம். ஏனெனில் அந்நிறுவனத்தார் பதின்மூன்றை விலக்கியே எண்ணிட்டார்கள்! மூடநம்பிக்கையும் சில வேளை மோசடியைக் காட்டிக் கொடுக்கிறது.

அடுத்தது, ரேடியேட்டரின் முகப்பிலுள்ள இரட்டை எழுத்து. 1933இல் அதன் நிறம் சிவப்பிலிருந்து கறுப்பாக மாறிற்று. அவ்வாண்டு ஏப்ரலில் ராய்ஸ் மறைந்ததால் துக்கத்திற்காக மாற்றினர் என்பது பரவலான கூற்று. ஆனால் மாற்ற முடிவு செய்தது அவர் உயிருடன் இருந்தபோதே. எங்கள் வழக்கறிஞர் கைவிளக்கைப் பிடித்தார். எழுத்து கறுப்பு. எண்களும் பின்னர் குறிப்போடு ஒத்தன.

மூன்றாவதுதான் எங்கள் வழக்கின் மூலம். அக்காலத்தில் தொழிற்சாலை விற்றது எஞ்சினும் சேசிஸும் மட்டுமே. அதன்மேல் உடலைக் கட்டுவோர் வேறு நிறுவனத்தார். இவ்வண்டிக்கு உடல் கட்டியவர்கள் லண்டன் ஹூப்பர் நிறுவனத்தார். கதவடியிலிருந்த தகட்டில் அப்பெயர் தேய்ந்து தெரிந்தது. நான்கு கதவுடைய மூடிய உடல். வெளியே உலோகத் தகடு, உள்ளே ஆஷ் மரச் சட்டம். மழைக்காலமும் கறையானும் மரத்தின் ஒரு மூலையைத் தின்றிருந்தன. ஆயினும் இருக்கைத் தோல் முதல்நாள் தைத்ததே. பின்கண்ணாடிக்கு மேல் பட்டுத்திரை ஒன்று சுருண்டிருந்தது. இழுத்தால் கிழியும் என்று எவரும் தொடவில்லை.

உஸ்தாத் மட்டும் எதையும் வியக்கவில்லை. பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டர்களில் எண்ணெய் விட்டு, மூன்று நாள் பொறுத்து வந்து, முன்புறக் கைப்பிடியை இட்டு மெல்லச் சுழற்றினார். அரைச்சுற்று வந்தது; பின் முழுச்சுற்றும் வந்தது. "உயிர் இருக்கிறது, சாகிப்" என்றார்.

அன்று மாலை பட்டறையில் வாதம் மூண்டது. வழக்கறிஞர், "ஒரு துளி வண்ணமும் பூசலாகாது, அழுக்கும் அதன் வரலாறே" என்றார். வணிகர், "தூசியை வணங்க எனக்கு நேரமில்லை, பாலிஷ் போட்டால்தான் நாலு பேர் பார்ப்பார்கள்" என்றார். "ஓடாத வண்டி வெறும் அலமாரி" என்றார் உஸ்தாத். இவ்வாதம் உலகெங்கும் பழைய வண்டிப் பிரியர் கூடும் இடமெல்லாம் நடப்பதுதான். தீர்ந்ததாக வரலாறு இல்லை. ஆனால் இம்முறை வாதம் ஓய்வதற்குள் வேறொரு செய்தி வந்தது. வெளியூர் வியாபாரி ஒருவர், வழக்கறிஞர் தரக்கூடியதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு விலை தர முன்வந்தார். அவர் எண்ணம் வெளிப்படையானது. மூடிய உடலைக் கழற்றி எறிந்துவிட்டு, மேலே திறந்த புதிய உடல் கட்டி, அரச ஊர்வல வண்டிபோல் ஆக்கி விற்பார். திறந்த வண்டிக்கே விலை மிகுதி. இதனால் உடலிழந்த மூடிய வண்டிகள் இங்கும் இங்கிலாந்திலும் பல.

மாஷிமா என்னை அழைத்துக் கேட்டார்: "நீ பொறியாளன். அவர் புதிய உடல் கட்டுவாராம். அது வண்டிக்கு நல்லதா?"

அன்பர்களே, இவ்விடத்தில் என் குற்றம் ஒன்றைச் சொல்ல வேண்டும். 1988இல் நண்பர் ஒருவருக்காக இதே கேள்விக்கு நான் ஆம் என்று விடை சொன்னவன். மூடிய வண்டி ஒன்றன் உடலைக் கழற்றுமாறு சொல்லி, திறந்த உடலுக்கு வரைபடமும் நானே போட்டுக் கொடுத்தேன். கழற்றிய உடல் பட்டறையின் பின்புறம் இரண்டு மழைக்காலம் நனைந்து, பழைய இரும்புக்காரனிடம் போயிற்று. புதிய வண்டிக்குக் கைதட்டல் கிடைத்தது. நானும் மார்பு நிமிர்ந்தேன். சில ஆண்டுகள் கழித்து இங்கிலாந்திலிருந்து ஒரு பெண்மணி அவ்வண்டியைத் தேடி வந்தார். அவருடைய தந்தை சிறுவனாய் அதன் பின்னிருக்கையில் அமர்ந்து கண்ணாடி வழியே எட்டிப் பார்க்கும் புகைப்படம் அவர் கையில் இருந்தது. அவர் வண்டியைச் சுற்றி வந்தார். "மிக அழகாக வைத்திருக்கிறீர்கள்" என்றார். புகைப்படத்தைப் பையில் வைத்துக்கொண்டார். அந்த இருக்கையும் இல்லை, கண்ணாடியும் இல்லை.

இதனை மாஷிமாவிடம் ஒளிக்காமல் சொன்னேன். சட்டத்தையும் சொன்னேன். 2021இல் நடுவண் அரசு வகுத்த விதிகளின்படி, ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகள் தொன்மை வண்டிகளாகத் தனியே பதிவு பெறலாம், எண்பலகையில் வி.ஏ. என்னும் எழுத்துகள் அமையும். பதிவு பத்தாண்டு செல்லும். ஆனால் வண்டி மூல வடிவில் இருத்தல் வேண்டும். சேசிஸிலோ உடலிலோ எஞ்சினிலோ பெருமாற்றம் கூடாது என்பது நிபந்தனை. அவர் சட்டத்தைக் கேட்டதாகத் தோன்றவில்லை. "அந்தப் பட்டுத்திரை போய்விடுமா?" என்றார். "போய்விடும், மாஷிமா" என்றேன்.

மறுவாரம் வழக்கறிஞருக்கே விற்றார். அவர் தம் ஆஸ்டின் வண்டியை விற்றுப் பணம் திரட்டினார். உடலை மாற்றுவதில்லை என்று தாமே ஒரு தாளில் எழுதி ஒப்பமிட்டுக் கொடுத்தார்.

எல்லாரும் மகிழ்ந்தோம் என்று சொல்ல இயலவில்லை. வணிக நண்பர் இரண்டு ஞாயிறு பட்டறைக்கு வரவில்லை. மூன்றாம் ஞாயிறு வந்து என்னைத் தனியே அழைத்துச் சென்றார். "உன் பழைய பாவத்தைக் கழுவ ஒரு கிழவியின் பணத்தைச் செலவழித்தாய். மரத்துக்கும் தோலுக்கும் இரங்கினாய். அவள் மருந்துச் செலவை எண்ணினாயா?" என்றார். அவர் கடுமையாகப் பேசுபவர் அல்லர். நான் உண்மையைத்தான் சொன்னேன் என்றேன். "கேட்ட உண்மையைச் சொன்னாய், விலை வேறுபாடு எத்தனை ஆண்டுக்குச் சோறு போடும் என்னும் உண்மையைச் சொன்னாயா?" என்றார். சொல்லவில்லை. மாஷிமா அறியாதவர் அல்லர், கணக்கு வழக்கில் தேர்ந்தவர் என்று எனக்கு நானே கூறிக்கொள்கிறேன். ஆயினும் அவ்வினாவுக்கு முழு விடை என்னிடம் இன்றுவரை இல்லை.

மாஷிமா இப்போது உறவினர் வீட்டில் இருக்கிறார். மாளிகை இடிக்கப்பட்டுவிட்டது. வண்டி பட்டறையில் நிற்கிறது. இன்னும் ஓடவில்லை. எஞ்சின் கட்டையினுள் நீர் செல்லும் வழிகள் துருவால் அடைபட்டுள்ளன. அப்படியே ஓட்டினால் நம் வெயிலில் கொதித்துப் பிளந்துவிடும். உஸ்தாதின் பேரன் கம்பி ஒன்றை வளைத்துத் தட்டித் தட்டித் துருவை எடுக்கிறான். அவசரப்படாதே என்று பாட்டனார் பக்கத்தில் அமர்ந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். சென்ற ஞாயிறு வரை இரண்டு வாளித் துரு வந்திருக்கிறது.