கலையும் சமய உணர்ச்சியும்

மாசித் திங்களில் அமாவாசை கழிந்த சில நாட்களில் பதுளையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் தப்பின் ஒலி எழும். லயங்களுக்கு அருகே காமன் கம்பம் நாட்டப்படும். பகலெல்லாம் மலையேறி உழைத்த மக்கள் இரவில் திடலைச் சூழ்ந்து அமர்வர். ஆண்மகன் ஒருவன் சேலை உடுத்தி இரதியாக நிற்பான். சிவபெருமானின் தவத்தைக் கலைக்கப் புறப்படும் மன்மதனை மறித்து அவள் வாதிடுவாள். நெற்றிக்கண் திறந்து அவன் எரிந்தபின் அவள் அழும் அழுகை காண்போர் நெஞ்சைக் கலக்கும். அவ்வழுகை வெறும் புலம்பலன்று. குற்றமற்ற ஒருத்தியின் தாலியை ஏன் அறுத்தாய் என்று இறைவனையே வழக்குக்கு இழுக்கும் அழுகை அது.

சுற்றி அமர்ந்திருப்போர் யார்? சிவனை வழிபடுவோர், நெற்றியில் நீறு பூசியோர். அவர்களில் எவரும் எழுந்து கூத்தை நிறுத்தச் சொல்வதில்லை. இறைவனைக் கேள்வி கேட்கும் குரலை நள்ளிரவு கடந்தும் கண்ணீரோடு கேட்டிருக்கின்றனர். தமிழகத்தின் தஞ்சைப் பகுதியில் வழங்கிய லாவணிப் பாட்டிலோ இவ்வழக்கு இன்னும் ஒரு படி மேலே சென்றது. காமன் எரிந்தான் என்று பாடுவோர் எரிந்த கட்சி. எரியவே இல்லை என்று மறுத்துப் பாடுவோர் எரியாத கட்சி. சிவபெருமானின் அருஞ்செயலையே ஒரு சாரார் மறுத்துப் பாட, மறு சாரார் தடியை எடுக்கவில்லை; டேப்பை எடுத்து எதிர்ப்பாட்டுப் பாடினர்.

இது தமிழ்ச் சமயத்துக்குப் புதிதன்று. சுந்தரமூர்த்தி நாயனார் கண்ணொளி இழந்த காலத்தில் இறைவனைக் கடிந்து பாடினார். வன்றொண்டர் என்னும் பெயர் அவருக்கு உண்டு. அவர் பாடல்கள் ஏழாம் திருமுறையாகத் திருக்கோயில்களில் இன்றும் ஓதப்படுகின்றன.

ஆயின், இத்தகைய மரபையுடைய சமுதாயமே அண்மைக் காலத்தில் வேறொரு முகத்தையும் காட்டியது. எழுத்தாளர் பெருமாள்முருகன் 2010ஆம் ஆண்டு ‘மாதொருபாகன்’ என்னும் நாவலை வெளியிட்டார். திருச்செங்கோட்டு வட்டாரத்தில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன் வாழ்ந்த பிள்ளைப்பேறற்ற தம்பதியரின் துயரமே அதன் பொருள். மலடி என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டு நொந்த பெண்ணொருத்தி, திருவிழா இரவொன்றில் அக்காலத்து வழக்கம் எனக் கதை கூறும் ஒரு முறையால் மகப்பேறு அடையத் துணிவதே கதையின் முடிச்சு. நான்கு ஆண்டுகள் அந்நூல் அமைதியாகப் படிக்கப்பட்டது. 2014 டிசம்பரில் எதிர்ப்புக் கிளம்பியது. நூற்படிகள் எரிக்கப்பட்டன, கடையடைப்பு நிகழ்ந்தது. 2015 சனவரியில் அதிகாரிகள் கூட்டிய சமரசப் பேச்சில் ஆசிரியர் நூலைத் திரும்பப் பெற இணங்கினார். பின்னர், தம்முள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அறிவித்தார்.

எதிர்த்தோரின் மனவேதனையைப் பொய்யென்று தள்ளுதல் நீதியாகாது. ஓர் ஊரார் தம் கோயிலையும் தம் குலத்துப் பெண்களையும் கதையில் கண்டு, உலகம் தம்மை எவ்வாறு எண்ணுமோ என்று அஞ்சினர். அன்னையைப் பழித்தால் மகனுக்கு வலிப்பது போன்ற வலி அது. ஆயினும் வலி உண்மையானது என்பதனால் அவ்வலிக்குத் தேடும் மருந்தெல்லாம் நல்ல மருந்தாகிவிடுமா?

2016 சூலை 5ஆம் நாள் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சமரசப் பேச்சில் பெறப்பட்ட உடன்பாடு ஆசிரியரைக் கட்டுப்படுத்தாது என்றது. நூலைத் தடை செய்ய மறுத்தது. பிடிக்காத நூலை மூடி வைத்துவிடும் உரிமை எவருக்கும் உண்டு என்பது அத்தீர்ப்பின் சாரம். ஆசிரியர் மீண்டும் எழுத வந்தார். எரித்தவர்கள் விரும்பியதற்கு மாறாக, அந்நூல் முன்னிலும் பன்மடங்கு வாசகர்களைச் சென்றடைந்தது.

இலங்கையிலும் இத்தகைய நிகழ்ச்சிகள் உண்டு. சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார, பௌத்த விகாரை வாழ்க்கையைத் தொட்டு எழுதிய சிறுகதை ஒன்றுக்காக 2019 ஏப்ரல் முதலாம் நாள் கைது செய்யப்பட்டார். நான்கு மாதம் விளக்கமறியலில் இருந்த பின்னரே அவருக்குப் பிணை கிடைத்தது. 2021இல் அவர் வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார். அவர்மீது ஏவப்பட்டது 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம். இனம், சமயம் முதலியவற்றின் பேரால் மக்களைப் பகைமைக்கும் வன்முறைக்கும் தூண்டுவதைத் தடை செய்யும் பிரிவையுடைய சட்டம் அது. சிறுபான்மையோரைக் காக்க வேண்டிய வேலி, ஒரு கதாசிரியரைச் சிறைப்படுத்தும் கூண்டாயிற்று.

இவ்விடத்தில் ஊவா மக்கள் மறத்தலாகாத நிகழ்ச்சி ஒன்று உண்டு. 2019 மே மாதம், உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களை அடுத்த கொந்தளிப்பான நாட்களில், ஹசலக்கையைச் சேர்ந்த முஸ்லிம் பெண்ணொருவர் கைது செய்யப்பட்டார். அவர் உடுத்தியிருந்த ஆடையில் தருமச் சக்கரம் பொறிக்கப்பட்டிருந்தது என்பது குற்றச்சாட்டு. அது கப்பலின் சுக்கான் சக்கரம் என்று அவர் தரப்பில் கூறப்பட்டது. பதுளை மாவட்டத்தின் மகியங்கனை நீதவான் அவரை விளக்கமறியலில் வைக்க உத்தரவிட்டார். இரண்டு வாரங்களுக்கு மேல் சிறையில் இருந்த பின்னரே பிணை கிடைத்தது. அவர் ஓவியம் தீட்டவுமில்லை, கவிதை எழுதவுமில்லை. ஓர் ஆடையை உடுத்தினார், அவ்வளவே.

நேயர்கள் இதனைச் சற்றுச் சிந்திக்க வேண்டும். புண்பட்டேன் என்று ஒருவர் கூறுவதே குற்றத்துக்குப் போதிய சான்று என்றாகிவிட்டால், பார்ப்பவன் கண்ணே நீதிமன்றமாகிவிடும். அந்நீதிமன்றத்தில் வழக்காடி வெல்லும் வலிமை எண்ணிக்கையிற் பெரிய சமூகத்துக்கே உண்டு. மலைநாட்டுத் தோட்டத்துத் தமிழனுக்கு அவ்வலிமை இல்லை. தன் தெய்வத்தைக் காக்கவென்று அவன் கேட்டு வாங்கும் வாள், நாளை அவன் காவடியின்மீதும் கூத்தின்மீதும் விழலாம்.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனையாகக் கொள்க. ஒரு தோட்டத்து இளைஞர்கள் நாடகம் ஒன்று நடத்துகின்றனர். அதில் மாரியம்மன் கருவறையை விட்டிறங்கி, மழைக்கு ஒழுகும் லயத்து அறையொன்றில் வந்து தங்குகிறாள். மறுநாள் கூடையைத் தலையில் மாட்டிக் கொழுந்து பறிக்கப் போகிறாள். பேர் விழுந்ததா, அரைப்பேரா என்று கேட்கிறாள். இறுதியில் கோயில் தலைவரை அழைத்துத் திருவிழாக் கணக்கையும் கேட்கிறாள். இளைஞர்கள் சிரிக்கின்றனர். பெரியவர் ஒருவர், “எங்கள் ஆத்தாளைக் கூலிக்காரி ஆக்கிவிட்டீர்களே!” என்று கொதித்து எழுகிறார். அவர் செய்யத்தக்கது யாது?

முதலாவது, நாடகத்தை முடியும்வரை பார்ப்பது. பாதியில் எழுந்தவர் பாதிப் பொருளையே அறிவார். ‘மாதொருபாகன்’ நூலின் சில பக்கங்களை மட்டும் நகலெடுத்துப் பரப்பியதனாலேயே ஊர் கொதித்தது என்பதை மறத்தலாகாது.

இரண்டாவது, புண்பட்டது எது என்று தம்மையே வினவுவது. இகழப்பட்டது அம்மனா, அன்றித் தலைவரின் கணக்குப் புத்தகமா? தெய்வநிந்தை என்ற கூச்சலுள் மனிதரின் தன்மானமும் அதிகாரமும் ஒளிந்திருத்தல் உண்டு. அம்மன் கூலிக்காரியாக வந்ததில் இழிவு கண்டால், அவ்விழிவு அம்மனுக்கா, கொழுந்து பறிக்கும் தம் தாய்க்கா என்பதையும் அப்பெரியவர் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மூன்றாவது, அதன்பின்னும் மனம் ஆறாவிடின் மறுமொழி கூறுவது. மேடையேறிப் பேசலாம், கண்டித்து எழுதலாம், எதிர்நாடகம் நடத்தலாம், பார்க்கவே மாட்டேன் என்று விலகியும் நிற்கலாம். கோயில் முன்றிலில் அந்நாடகத்துக்கு இடமில்லை என்று கோயிலார் முடிவு செய்வாராயின் அதுவும் அவர் உரிமையே. ஆனால், வேறோரிடத்தில் போட்ட மேடையைப் பிரிப்பதும், நடித்த பிள்ளைகளை அடிப்பதும், அவர்தம் பெற்றோரைப் பகிஷ்கரிப்பதும் உரிமையாகா. அவை பக்தியும் ஆகா.

எல்லையே இல்லையா எனின், உண்டு. இறைவனை வினவும் சொல் வேறு; இறைவனை வழிபடும் மக்களைக் கொல்லத் தூண்டும் சொல் வேறு. இரண்டாவதன் விளைவைப் பதுளை மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1983 யூலையில் தமிழர் கடைகளையும் வீடுகளையும் உண்ட தீ பதுளை நகரையும் விட்டுவைக்கவில்லை. அத்தீயை மூட்டியது எந்தக் கூத்துமன்று, எந்த நாவலுமன்று, ஒரு மக்கட் கூட்டத்தின்மேல் விதைக்கப்பட்ட வெறுப்பு. சட்டத்தின் கை அவ்வெறுப்பைத் தடுக்கவே நீள வேண்டும். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டால், சட்டம் கதாசிரியர்களைத் துரத்திக்கொண்டிருக்கும் வேளையில் வீடு எரிப்போர் தப்பிச் செல்வர்.

கலைஞருக்கும் கடமை உண்டு. எளியோர் நெஞ்சில் நெடுங்காலம் குடியிருக்கும் உருவத்தைத் தொடும்போது, தொடும் காரணத்தை அவர் அறிந்திருத்தல் வேண்டும். அதிர்ச்சி தருவதே நோக்கமாயின் அக்கலை விரைவில் மறைந்துபோம். ஆனால், கலை நல்லதா அன்றா என்று தீர்ப்பளிக்க வேண்டியவர்கள் சுவைஞரும் காலமுமே. பொலிஸாரும் கூட்டமும் அல்லர்.

காமன் கூத்து எவ்வாறு முடிகிறது? இரதியின் அழுகைக்குச் சிவபெருமான் இரங்குகிறார். எரிந்த மன்மதன் அவள் கண்களுக்கு மட்டும் தோன்றும்படி மீண்டும் உயிர் பெறுகிறான். தம்மைப் பழித்தவளை இறைவன் எரித்தாரில்லை. அவள் வழக்கைச் செவிமடுத்து வரமும் அளித்தார். இக்கதையை ஆண்டுதோறும் நடித்துக் காணும் மக்களுக்குப் பொறுமையைப் பிறர் வந்து போதிக்க வேண்டுமா? விடியற்காலையில் கூத்து முடிந்து, பனியில் நனைந்தபடி பிரட்டுக்குச் செல்லும் அத்தோட்டத்து மக்கள் அப்பொறுமையை எக்காலமோ கற்றுவிட்டனர். அதனை இழந்துவிடாமல் தம் பிள்ளைகளுக்குக் கொடுப்பதே அவர்களுக்கு எஞ்சியுள்ள கடமையாகும்.