துணிச்சலோடு ஒரு கணக்கு நோட்டும்



என் பணிக்காலம் பெரும்பாலும் வங்கியின் கடன் பிரிவில் கழிந்தது. தொழில் தொடங்கும் ஆசை, பட்டம் பெறும் உங்களில் பலருக்கு இருக்கும். ‘நான் கூச்ச சுபாவம், எனக்கு ஒத்துவருமா?’ என்ற தயக்கமும் இருக்கும். அந்தத் தயக்கக்காரர்களோடுதான் பேச வந்திருக்கிறேன்.

இட்லி மாவு விற்கும் ஓர் அம்மா, பெரிய கிரைண்டர் வாங்கக் கடன் கேட்டு வந்தார். கேட்டதற்கு மட்டும் பதில், அதுவும் தாழ்ந்த குரலில். “திட்ட அறிக்கை இருக்காம்மா?” என்றேன். மஞ்சப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து வைத்தார். எந்த வீட்டுக்கு எத்தனை கிலோ, யார் பாக்கி, எந்த மழைநாளில் மாவு புளிக்கவில்லை, எல்லாம் தேதிவாரியாகப் பென்சிலில். செவ்வாய்க்கிழமை விற்பனை குறைவு என்று அதில் கண்டுபிடித்து, முந்தின நாள் பாதி அரிசிதான் ஊறப்போடுவாராம். அதே வாரம் சரளமாகப் பேசிய ஓர் இளைஞரும் வந்தார். கடைக்கு வாடகை எவ்வளவு என்றால் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த அம்மாவுக்கு அன்றே கையெழுத்துப் போட்டேன். தவணை ஒன்றுகூடத் தவறவில்லை.

பல ஆய்வுகளைத் தொகுத்து ஜாவ், சைபர்ட், லம்ப்கின் என்ற ஆய்வாளர்கள் 2010இல் சொன்னதும் அந்த நோட்டை நினைவூட்டுகிறது. ஆபத்தைத் துணிந்து ஏற்கும் குணம் தொழில் தொடங்கும் ஆசையோடு சேர்ந்தே இருக்கிறது. தொழில் நன்றாக நடப்பதோடு அதற்குத் தொடர்பு தெரியவில்லை. பொறுப்புணர்வும் புதியதை நாடும் மனமும் இரண்டோடும் சேர்ந்து வருகின்றன.

இந்தக் குணங்களை வளர்த்துக்கொள்ள முடியுமா? நாங்கள் படித்த காலத்தில் அரசு வேலையைத் தவிர வேறு பேச்சே கிடையாது. வியாபாரம் ரத்தத்தில் ஊறியிருக்க வேண்டும் என்பார்கள். ஆனால் மெக்லேலண்ட் என்ற உளவியலாளர் 1960களில் காக்கிநாடாவின் சிறுதொழில்காரர்களுக்குச் சாதிக்கும் ஊக்கத்தை வளர்க்கும் பயிற்சி தந்தார். பயிற்சி பெற்றவர்கள் மற்றவர்களைவிட அதிகம் முதலீடு செய்தார்கள், அதிகம் பேருக்கு வேலை தந்தார்கள். குணம் பழக்கத்தால் வளரும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சமூகத்துக்காக ஏதாவது தொடங்க நினைப்பவர்கள் மதுரை டாக்டர் வெங்கடசாமியைப் பற்றிப் படியுங்கள். முடக்குவாதத்தால் கோணிய விரல்களை அறுவைக் கத்தி பிடிக்கப் பழக்கியவர். பணி ஓய்வுக்குப் பிறகு, 1976இல், 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கருணை மட்டும் இருந்திருந்தால் அது ஒரு முகாமோடு நின்றிருக்கும். அங்கே ஒருவருக்கு அறுவைச் சிகிச்சை முடிவதற்குள் பக்கத்து மேசையில் அடுத்தவர் தயாராக இருப்பார். பணம் கட்டுபவர்களின் வருமானத்தில் கட்ட முடியாதவர்களுக்கும் பார்வை கிடைக்கிறது. மதுரைப் பக்கம் போனால், அங்கே நோயாளிகளின் வரிசை எப்படி நகர்கிறது என்று ஒரு காலைப்பொழுது நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.